கடைக்கு வரும் இ-மெயிலுக்குப் பூட்டு உண்டா?



கடையை அடைக்கும்போது ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டு, ஒரு முறைக்கு இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாம் வீட்டுக்குக் கிளம்புகிறோம். கல்லாப்பெட்டிச் சாவி இடுப்பை விட்டு இறங்குவதில்லை. ஆனால் பில், விலைப்பட்டியல், பேங்க் கணக்கு எண், கிளியரிங் ஏஜென்டிடமிருந்து வரும் டெலிவரி ஆர்டர் எல்லாம் வந்து விழுகிற இ-மெயில் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் இழுத்துப் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்ததில்லை. அதற்கு விலை கொடுத்த பிறகுதான் பார்த்தேன். மற்ற வியாபாரிகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

பணம் போன கதை

திருவொற்றியூரில் எங்களுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். பர்மா உளுந்து கண்டெய்னரில் வந்து இறங்கியதும், வெளியூர்க் கடைகளுக்குப் பிரித்து அனுப்புவோம். வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரி. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து எங்களிடம்தான் கொள்முதல். பில்லை இ-மெயிலில் அனுப்பினால் மறுநாளே பேங்க் மூலம் பணம் வந்துவிடும். ஒரு தடவைகூடப் பாக்கிக்காக நாங்கள் அவருக்குப் போன் செய்ததில்லை.

ஒரு நாள் காலை அவரே போன் செய்தார். "அண்ணாச்சி, பணம் அனுப்பி நாலு நாள் ஆச்சே, லாரி ரசீது இன்னும் வரலியே?" என்றார். எங்கள் கணக்கில் பணம் ஏறவே இல்லை. "எந்தக் கணக்குக்கு அனுப்பினீங்க தம்பி?" என்று கேட்டேன். "நீங்கதானே மெயில் போட்டிருந்தீங்க, பழைய கணக்கு ஆடிட்ல இருக்கு, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கன்னு" என்றார். அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி வைக்கச் சொன்னேன். பார்த்தால் எங்கள் முகவரி, எங்கள் பில், எங்கள் கையெழுத்து முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. கணக்கு எண் மட்டும் யாருடையதோ. 3 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் போய்விட்டது. புகார் கொடுத்தோம். அதற்குள் அந்தக் கணக்கு காலியாகி இருந்தது.

கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் வந்து சோதித்தான். வெளியாள் ஒருவன் எங்கள் இ-மெயில் பெட்டிக்குள்ளேயே நுழைந்து, அந்த வாடிக்கையாளருக்கு நாங்கள் எழுதுவது போலவே எழுதியிருக்கிறான். அவர் பதில் எழுதினால் அது எங்கள் கண்ணில் படாமல் குப்பைக்குப் போகும்படி ஒரு விதியும் உள்ளே போட்டு வைத்திருக்கிறான். பாஸ்வேர்டு எந்த வழியாகப் போனது என்று கடைசி வரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரின் அமைப்பைத் திறந்து காட்டி அவன் சொன்னது நெஞ்சில் தைத்தது. "முதலாளி, பல வருஷமா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை உங்க பாஸ்வேர்டு மூடியே இல்லாம வெளியே போய்ட்டு வந்துருக்கு. மாடி குடோன்காரங்களும் இதே வைஃபையைத்தான் பயன்படுத்துறாங்க. எடுக்கணும்னு நினைச்சா யாரும் எடுத்திருக்கலாம்."

பணம் அவருடையது. திறந்து கிடந்தது எங்கள் பெட்டி. இந்தக் கணக்கை எப்படித் தீர்த்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் பையன் சொன்ன "மூடி" என்ன என்பதைப் பார்ப்போம்.

தந்தி முதல் இ-மெயில் வரை

வியாபாரச் செய்தியை அடுத்தவன் படித்துவிடக்கூடாது என்ற கவலை நமக்குப் புதிதல்ல. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றிப் பத்துப் பேர் நின்றாலும் விலை இருவருக்கு மட்டுமே தெரியும். 1871-ல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்ட பிறகு, அந்நாளைய ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனிகள் சங்கேதச் சொல் புத்தகங்களை வைத்துக்கொண்டு தந்தி அடித்தன. ஒரே சொல்லுக்குள் ஒரு முழு வாக்கியம் அடங்கிவிடும். தந்திக் கட்டணமும் மிச்சம். வழியில் இருக்கும் குமாஸ்தாவுக்கு விஷயமும் புரியாது. அந்தத் தந்திச் சேவையே நம் நாட்டில் 2013 ஜூலையோடு முடிந்துபோனது.

இண்டர்நெட்டை வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. முதலில் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. டெலிபோன் லைனில் மோடம் வைத்து டயல் செய்யவேண்டும். இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம் காசு. ஆகவே சட்டென்று இணைத்து, வந்த கடிதங்களை இறக்கிக்கொண்டு, உடனே துண்டித்துவிடுவதே வழக்கமாயிற்று. அதற்கு ஏற்ற முறைதான் "பாப்". 1984-ல் வகுக்கப்பட்டது, இன்றும் புழங்கும் அதன் மூன்றாம் வடிவம் "பாப்-3" வந்தது 1988-ல். கடிதத்தைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு பல கம்ப்யூட்டர்களிலிருந்து படிக்கும் "ஐமேப்" முறையை 1986-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினார்.

இவையெல்லாம் ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சிக்காரர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. பூட்டு தேவைப்படவில்லை. கம்ப்யூட்டர் போய் "யூசர்" என்று பெயரைச் சொல்லும். "பாஸ்" என்று பாஸ்வேர்டைச் சொல்லும். இரண்டும் எழுதியபடியே கம்பியில் போகும். கடிதங்களும் அப்படியே திறந்தபடி திரும்பி வரும். போஸ்ட் கார்டு போல என்று வைத்துக்கொள்ளலாம். போஸ்ட் கார்டிலாவது பெட்டிச் சாவி இருக்காது. இதில் சாவியையும் சேர்த்தே எழுதி அனுப்புகிறோம்.

துண்டு போடும் முறை

1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்ற மறைகுறி முறையை வெளியிட்டது. 1999-ல் அது டி.எல்.எஸ். என்ற பெயரில் பொதுத் தரமானது. இப்போது உள்ள புதிய வடிவம் 1.3, 2018-ல் வந்தது. பழைய 1.0, 1.1 வடிவங்கள் பாதுகாப்பற்றவை என்று 2021-ல் தள்ளுபடி செய்யப்பட்டன.

இந்த முறையில் நம் கம்ப்யூட்டரும் சர்வரும் பேச ஆரம்பித்ததும் தமக்குள் ஓர் இரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு போவது வருவதெல்லாம் புரியாத எழுத்துக் குவியல். நடுவில் எட்டிப் பார்ப்பவனுக்குத் துண்டுதான் தெரியும், விரல் தெரியாது.

துண்டுக்குள் இருப்பது சரியான ஆளின் கைதானா என்ற கேள்வியும் உண்டு. அதற்குத்தான் சான்றிதழ். நம் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் எடையளவுத் துறை முத்திரை வைப்பது போல, "இந்தப் பெயருள்ள சர்வர் இதுதான்" என்று ஒரு பொது நிறுவனம் முத்திரை வைக்கிறது. முத்திரைக்குக் காலக்கெடு உண்டு. பெயர் மாறியிருந்தாலோ கெடு முடிந்திருந்தாலோ கம்ப்யூட்டர் எச்சரிக்கும். நம் அலுவலகங்களில் அந்த எச்சரிக்கை வந்தால் என்ன செய்கிறோம்? "ஓகே" அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கிறோம். முத்திரை இல்லாத தராசில் சரக்கை நிறுத்து வாங்குவதற்கு அது சமம்.

எந்த கேட் வழியாக வருகிறது?

ராயபுரம் பக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டுபவரிடம் "எந்த கேட்?" என்று கேட்டால் "ஜீரோ கேட்" என்று எண்ணைச் சொல்வார். இ-மெயிலுக்கும் கேட் எண் உண்டு. கம்ப்யூட்டர்காரர்கள் அதையும் "போர்ட்" என்றே சொல்கிறார்கள். நினைவில் வைக்க வேண்டியவை நான்கே எண்கள்.

பாப்-3 முறைக்குப் பழைய கேட் 110. பூட்டுள்ள கேட் 995.

ஐமேப் முறைக்குப் பழைய கேட் 143. பூட்டுள்ள கேட் 993.

பழைய கேட்டிலும் பாதி வழியில் துண்டு போட்டுக்கொள்ளும் ஒரு முறை உண்டு; "ஸ்டார்ட் டி.எல்.எஸ்." என்பார்கள். முதலில் திறந்தே பேச்சைத் தொடங்கி, "துண்டு இருக்கிறதா?" என்று கேட்டு, இருந்தால் மூடிக்கொள்வது. நடுவில் இருப்பவன் "துண்டு இல்லை" என்று பொய்ப் பதில் கொடுத்து, கடைசிவரை திறந்தே பேச வைக்கக்கூடிய ஓட்டை இதில் உண்டு. ஆகவே தொடக்கத்திலேயே மூடியிருக்கும் 993, 995 கேட்டுகளையே பயன்படுத்தும்படி 2018-ல் இண்டர்நெட் தர அமைப்பு அறிவுறுத்தியது.

கடிதம் அனுப்பும்போதும் அதே பாஸ்வேர்டுதான் போகிறது. அனுப்புவதற்குப் பூட்டுள்ள கேட் 465. சில நிறுவனங்கள் 587 தருகின்றன, அதில் டி.எல்.எஸ். கட்டாயம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 25 என்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

"இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் 110 வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். ஷேடோசர்வர் என்ற பாதுகாப்பு அமைப்பு உலகெங்கும் தேடிப் பார்த்து, சுமார் 33 லட்சம் மெயில் சர்வர்கள் இன்னும் பூட்டில்லாமல் பாப்-3 சேவை தருவதாக 2025 தொடக்கத்தில் தெரிவித்தது. ஜிமெயில் போன்ற பெரிய நிறுவனங்கள் பூட்டில்லாத கேட்டை மூடிவிட்டன. சிக்கல் இருப்பது நம்மைப் போன்றவர்களிடம். கடைப் பெயரில் சொந்த முகவரி வேண்டும் என்று குறைந்த வாடகையில் இடம் பிடித்து, அன்றைக்கு ஒருவர் அமைத்துக் கொடுத்ததை இன்றுவரை தொடாமல் ஓட்டிக்கொண்டிருப்போம்.

ஐந்து நிமிடச் சோதனை

இதற்கு நிபுணர் தேவையில்லை. அவுட்லுக் ஆனாலும் தண்டர்பேர்ட் ஆனாலும் கணக்கு அமைப்பு என்ற பக்கத்தைத் திறந்தால், வரும் கடிதத்துக்கான சர்வர் பெயர், கேட் எண், பாதுகாப்பு முறை மூன்றும் இருக்கும். எண் 110 அல்லது 143 என்று இருந்து, பாதுகாப்பு "இல்லை" என்று இருந்தால் பூட்டு இல்லை என்று அர்த்தம். 995 அல்லது 993 என்றும், பாதுகாப்பு எஸ்.எஸ்.எல். அல்லது டி.எல்.எஸ். என்றும் மாற்றுங்கள். கடிதம் வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் இடம் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்து "பூட்டுள்ள கேட் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். தரமுடியாது என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறுவதே உத்தமம்.

கேட்டை மாற்றிய கையோடு பாஸ்வேர்டையும் மாற்றவேண்டும். இத்தனை நாள் திறந்து போய்வந்த பழைய பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ தெரியாது. புதிய பூட்டுக்குப் பழைய சாவி ஆகாது.

கணக்கு எழுத மட்டும் என்று சிலர் விண்டோஸ் எக்ஸ்.பி. மெஷினை இன்னும் வைத்திருக்கிறோம். அதற்குரிய ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. இன்றைய டி.எல்.எஸ். வடிவங்கள் அதில் ஓடா. அந்த மெஷினில் கணக்கு இருக்கட்டும், இ-மெயில் வேண்டாம்.

அலுவலகத்தில் சொந்த சர்வர்

ஒன்றிரண்டு கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு மேலே சொன்னதே போதும். நான்கைந்து பேர் ஒரே முகவரியைப் பார்க்கும் மண்டிகளுக்கும், கிளியரிங் அலுவலகங்களுக்கும் இன்னொரு வழி நல்லது. ஒரு சின்ன சர்வரை அலுவலகத்திலேயே வைத்து, வெளியிலிருந்து கடிதங்களை அதுவே பூட்டுடன் எடுத்துவந்து, உள்ளே இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் செய்வது. பாஸ்வேர்டு ஒரே இடத்தில் இருக்கும். ஐந்து மெஷினில் எழுதிவைக்க வேண்டாம். நெட் நின்றாலும் பழைய கடிதங்கள் கையில் இருக்கும். ஆள் வேலையை விட்டுப் போனாலும் கடிதம் போகாது.

எங்கள் கடையில் இப்போது அமைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். உங்கள் கம்ப்யூட்டர் ஆளிடம் இதைக் காட்டினால் ஒரு நாளில் செய்துகொடுப்பார்.

முதலாவது, மெஷின். பழைய டெஸ்க்டாப் ஒன்று போதும். அதில் டெபியன் லினக்ஸ் ஏற்றினோம்; அதற்கு விலை இல்லை. சிறிய யு.பி.எஸ். ஒன்று வேண்டும். 2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னையைப் படுத்திய பாட்டையும் மறக்காதவர்கள் மெஷினைத் தரையில் வைக்கமாட்டார்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் அலமாரியில் வையுங்கள். கடற்காற்றில் துரு ஏறும் பகுதி நம்முடையது. ஜன்னல் ஓரம் வேண்டாம்.

இரண்டாவது, வெளியிலிருந்து எடுத்துவருவது. இதற்கு ஃபெட்ச்மெயில் என்ற புரோகிராம். எரிக் ரேமண்ட் என்பவர் 1996 முதல் வளர்த்தெடுத்தது, இலவசம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச் சர்வருக்குப் போய் 993 வழியாகக் கடிதங்களை எடுத்துவரும்படி அமைக்கவேண்டும். சான்றிதழைச் சரிபார்க்கும் வசதி இயங்க வேண்டும். சரிபார்ப்பு தவறினால் கடிதம் எடுக்காமல் நிற்க வேண்டும். பாஸ்வேர்டு எழுதிய ஃபைலை அந்த புரோகிராமின் சொந்தக்காரர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி வைக்க வேண்டும். மற்றவர் படிக்கும்படி இருந்தால் ஃபெட்ச்மெயிலே ஓட மறுத்துவிடும். எடுத்த கடிதத்தின் பிரதியை வெளியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் கைபேசியிலும் பார்க்கலாம்.

உங்கள் முகவரி ஜிமெயிலில் இருந்தால் வழக்கமான பாஸ்வேர்டு இங்கே செல்லாது. தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியை 2022 மே 30 முதல் கூகுள் மூடத் தொடங்கிவிட்டது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள தனிப் பாஸ்வேர்டு ஒன்றை வாங்கி இதற்கு மட்டும் கொடுக்கவேண்டும். சந்தேகம் வந்தால் அதை மட்டும் ரத்து செய்துவிடலாம்.

மூன்றாவது, உள்ளே பிரித்துக் கொடுப்பது. இதற்கு டவ்காட் என்ற புரோகிராம். பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிராய்னன் எழுதி 2002-ல் வெளியிட்டது, இதுவும் இலவசம். கொள்முதல், விற்பனை, கணக்கு என்று பெட்டி பிரித்து ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தோம். உள்ளேயும் 993 மட்டுமே திறப்பு; 110, 143 இரண்டையும் அடைத்துவிட்டோம். "கடைக்குள்ளே எதற்குப் பூட்டு?" என்று நானும் கேட்டேன். மாடி வீட்டு வைஃபை ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நான்காவது, சான்றிதழ். சொந்த டொமைன் பெயர் இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற பொதுநல அமைப்பு 2015 முதல் இலவசமாகத் தருகிறது. அதன் கெடு குறுகியது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைப்பது அவசியம். சர்வரை வெளியுலகுக்குத் திறக்காமலே, டொமைன் பதிவில் ஒரு வரி சேர்த்து உரிமையை நிரூபிக்கும் வழி இருக்கிறது. டொமைன் இல்லாவிட்டால் நாமே ஒரு சான்றிதழ் தயாரித்து, அலுவலகக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே பதிந்துவிடலாம்.

ஐந்தாவது, வெளிக்கதவு. நெட் கொடுக்கும் ரவுட்டரில் இந்தச் சர்வருக்கு வெளியிலிருந்து வர வழி திறக்கவேண்டாம். கடை நேரத்துக்குப் பிறகு வீட்டில் பார்க்க விரும்புவோர் கைபேசியில் வெளிச் சர்வரிலிருந்தே, அதே 993 வழியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆறாவது, பிரதி. வாரம் ஒருமுறை தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து வீட்டில் வைக்கிறோம். டிஸ்க் தொலைந்தால் படிக்க முடியாதபடி அதற்கும் மறைகுறி போட்டிருக்கிறோம். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி இரும்புப்பெட்டியில் வைத்தாயிற்று. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவேடுகளை, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில்லே இ-மெயிலில் வரும் காலத்தில் இந்தப் பிரதி அதற்கும் கைகொடுக்கும்.

பூட்டு செய்யாத வேலை

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பூட்டு காப்பது, வெளிச் சர்வருக்கும் நம் கடைக்கும் நடுவே உள்ள வழியை மட்டுமே. நாமே பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தால், எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தால், பொய்யான பக்கத்தில் போய் அதைத் தட்டினால் பூட்டு என்ன செய்யும்? ஆகவே இரட்டைச் சரிபார்ப்பு அவசியம். மாதம் ஒருமுறை பெட்டிக்குள் போய், நாம் போடாத விதிகளோ, வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடோ இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். எங்கள் பெட்டியில் கள்ளன் ஒளிந்திருந்தது அங்கேதான்.

எதிராளியின் பெட்டி திறந்திருந்தாலும் ஆபத்துதான். பெட்டியே திறக்காமல் ஏமாற்றும் வழியும் உண்டு. 2015-ல் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் சவூதி நிறுவனத்துக்கு விற்ற நாப்தாவுக்குரிய 197 கோடி ரூபாய் மோசடிக்காரர் கணக்குக்குப் போனதாகச் செய்தி வந்தது. இ-மெயில் முகவரியில் இரண்டு எழுத்து மட்டும் இடம் மாறியிருந்ததாம். அத்தனை பெரிய அலுவலகங்களிலேயே கண்ணில் படவில்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023-ல் வந்த புகார்களின்படி, இப்படி வியாபார இ-மெயில் மூலம் ஏமாற்றப்பட்ட தொகை 290 கோடி டாலர்.

இதற்கு மருந்து கம்ப்யூட்டரில் இல்லை. பேங்க் கணக்கு மாறியது என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள நம்பருக்கு இல்லாமல், நம் பழைய நோட்டில் உள்ள நம்பருக்குப் போன் செய்து, பழகிய குரலிடம் கேட்கவேண்டும். குரல் கேட்காமல் ஒரு ரூபாயும் புதுக் கணக்குக்குப் போகக்கூடாது. கணக்குப்பிள்ளை முதல் முதலாளி வீட்டுப் பையன் வரை எல்லாரும் இதைக் கடைச் சட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நடந்துவிட்டால்?

முதல் வேலை 1930 என்ற எண்ணுக்குப் போன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். நாங்கள் நான்கு நாள் கழித்துச் சொன்னோம். அடுத்து, பணம் அனுப்பிய பேங்குக்கு எழுத்து மூலம் தகவல். பிறகு சைபர் கிரைம் போலீசில் முறையான புகார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவு பிறர் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவதற்கும், 66-டி பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கும் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

ஆத்திரத்தில் அந்தப் பொய்க் கடிதத்தை அழித்துவிடாதீர்கள். அதுவே சாட்சி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவின்படி, உரிய சான்றுடன் தாக்கல் செய்தால் மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்கும். அச்சிட்ட தாள் மட்டும் போதாது. கடிதம் பெட்டியில் அப்படியே இருக்க வேண்டும்.

கணக்கு தீர்ந்த விதம்

வட ஆற்காட்டு வியாபாரி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நானும் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும் அண்ணாச்சி" என்றார். என் மகன், "பணம் நம்ம கைக்கு வரலை, சட்டப்படி அவர்தான் மறுபடியும் கொடுக்கணும்" என்றான். சட்டம் எப்படியோ, எனக்கு மனம் ஒப்பவில்லை. பொய்க் கடிதம் புறப்பட்டது என் வீட்டு வாசலிலிருந்து. நஷ்டத்தை ஆளுக்குப் பாதி ஏற்றுக்கொண்டோம். சரக்கை அன்றே லாரியில் ஏற்றி அனுப்பினேன். இன்றும் அவர் எங்களிடம் வாங்குகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் பணம் அனுப்பும் முன் போன் செய்து கணக்கு எண்ணைச் சொல்லச் சொல்கிறார். முதலில் அது எனக்கு உறுத்தியது. இப்போது நான்தான் மற்ற எல்லாரிடமும் அப்படிச் செய்யச் சொல்கிறேன்.

எங்கள் பில்லின் அடியில் இப்போது ஒரு வரி அச்சாகிறது: "எங்கள் பேங்க் கணக்கு மாறாது. மாறினால் நேரிலோ போனிலோ மட்டுமே சொல்வோம்." நீங்களும் போட்டுக்கொள்ளலாம். செலவு ஒன்றும் இல்லை.

கீழே உள்ளதை வெட்டிக் கம்ப்யூட்டர் அருகே ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. வரும் கடிதம்: 993 அல்லது 995. 110, 143 கூடாது.

2. அனுப்பும் கடிதம்: 465, அல்லது டி.எல்.எஸ். கட்டாயமான 587.

3. சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் "ஓகே" அழுத்தாமல் நிறுத்திக் கேட்கவும்.

4. கேட் மாற்றிய அன்றே பாஸ்வேர்டும் மாற்றவும். இரட்டைச் சரிபார்ப்பு போடவும்.

5. மாதம் ஒருமுறை பெட்டிக்குள் இருக்கும் விதிகளைப் பார்க்கவும்.

6. புதுக் கணக்கு எண் என்றால் பழைய நம்பருக்குப் போன்.

7. ஏமாந்தால் உடனே 1930.

இன்று மாலை ஷட்டரை இறக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, முதல் வரியை மட்டுமாவது சரிபாருங்கள்.